மாத்திரைக்குக் கிருமி பழகுவதில்லை

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கிளினிக் வைத்திருக்கிறேன், நெஞ்சுநோய் மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். காசநோய் இங்கே தினசரி விஷயம். அதனால் ஒரே கேள்வி வாரத்துக்கு நாலு தடவையாவது என் மேசைக்கு வரும். போன மழைக்காலத்தில் அதைக் கேட்டவர் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி.

முந்தின வருடம் வேறோர் இடத்தில் அவருக்கு டிபி என்று கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்திருந்தார்கள். நாலு மருந்தும் தனித்தனி மாத்திரைகளாக. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி வந்தது, எடை ஐந்து கிலோ கூடியது. அப்புறம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் வயிற்றைப் புரட்டுகிறது என்று பெரிய மாத்திரைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘சிறுநீர் ஆரஞ்சுக் கலரில் போகிறதே, வேலை செய்கிற மருந்து இதுதான்’ என்று தானாக முடிவு செய்து, சிவப்பு கேப்சூலை மட்டும் விழுங்கியிருக்கிறார். அது ரிஃபாம்பிசின். ஒன்றரை மாதம் அப்படியே ஓடியிருக்கிறது. என்னிடம் வரும்போது சளியில் ரத்தம். சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் இயந்திரத்தில் வைத்தோம், இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது: காசநோய்க் கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் அதைக் கொல்லாது.

"சாராயத்துக்கு உடம்பு பழகுற மாதிரி கிருமியும் மாத்திரைக்குப் பழகிடுச்சா டாக்டரம்மா?"

இல்லை. எந்தக் கிருமியும் எதற்கும் பழகவில்லை. இதை நிதானமாக விளக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, ஏனென்றால் ‘பழகிவிட்டது’ என்று நினைக்கிறவர்தான் ‘கொஞ்ச நாள் விட்டால் பழக்கம் போய்விடும்’ என்றும் நினைக்கிறார், அப்படி நினைத்து மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சியின் அப்பா ஊரில் வானம் பார்த்த பூமியில் கம்பு விதைத்தவர். அதை வைத்தே சொன்னேன். மழை பொய்த்த வருடம் வயலில் நிற்கும் ஒரு பயிர்கூட வறட்சிக்குப் பழகிக்கொள்வதில்லை, காய்கிறது காய்ந்து போகும். ஆனால் ஆயிரம் பயிரும் ஒரே அச்சு கிடையாது. வேர் ஆழமாகப் போகிற நாலு பயிர் எங்கேயோ ஒரு மூலையில் மழை பொய்க்கும் முன்பே, விதையிலிருந்தே அப்படி இருந்திருக்கும். அந்த நாலுதான் கதிர் விடும். அடுத்த வருடம் அதிலிருந்து விதை எடுத்தால் வயலே வேறு வயலாகிவிடும். தனித்தனியாக எந்தப் பயிரும் மாறவில்லை, வயல் மாறிவிட்டது. பரிணாமம் என்று பள்ளியில் படித்தோமே, அது இதுதான். குரங்கு, மனிதன் என்று வரிசையாக ஒரு படம் போட்டுக் காட்டியதால் லட்சக்கணக்கான வருடம் ஆகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் சில மாதங்களில் அது நடந்து முடிந்துவிடுகிறது.

எப்படி என்று பார்க்கலாம். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பு சுமார் 44 லட்சம் எழுத்து நீளம், ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்துகளால் ஆனது. கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதை முழுசாகப் படியெடுக்க வேண்டும், அபூர்வமாக ஓர் எழுத்து தவறி விழும். பெரும்பாலான தவறுகளால் ஒன்றும் ஆகாது, சில தவறுகளில் அந்தக் கிருமியே செத்துப்போகும். ஆனால் ஆர்பிஓபி என்கிற மரபணுவில் 81 எழுத்து நீளத்துக்கு ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, ரிஃபாம்பிசின் போய் ஒட்டிக்கொள்கிற இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். அங்கே சி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் டி வந்துவிட்டால், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் உட்கார்ந்துவிடும், மருந்துக்குப் பிடிமானம் போய்விடும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் 100க்கு 95க்கு மேல் இந்த 81 எழுத்துக்குள்தான் ஏதோ ஒரு தவறு இருக்கும். சிபிநாட் இயந்திரம் தேடுவதும் இந்த இடத்தைத்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. நோய் முற்றிய நுரையீரலில் குழி விழுந்திருக்கும், அப்படி ஒரு குழியில் 10 கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். ரிஃபாம்பிசினைத் தாங்கும் தவறு ஏறத்தாழ 10 கோடியில் ஒரு கிருமிக்கு இருக்கும். அந்த நாலு மருந்தில் இன்னொன்றான ஐசோனியாசிட்டைத் தாங்குவது 10 லட்சத்தில் ஒன்றுக்கு. அதாவது அண்ணாச்சி தன் வாழ்நாளின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, அவருடைய நெஞ்சில் ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி நூறும் ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது ஒன்றிரண்டும் இருந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டையும் சேர்த்துத் தாங்கக்கூடியது? 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் மொத்தக் காரணமும் இந்தப் பெருக்கல்தான், ஒரு மருந்துக்குத் தப்பியதை இன்னொரு மருந்து பிடித்துவிடும். சிவப்பு கேப்சூலை மட்டும் விழுங்கியபோது அவர் செய்தது, மற்ற கிருமிகளை எல்லாம் களையெடுத்து, அந்த ஒன்றிரண்டுக்கு இடம் விட்டது. அவருக்கு இது தெரியாது. உட்கார்ந்து சொல்ல யாரும் நேரம் எடுக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

‘முன்பே இருந்தது’ என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் செய்த சோதனை அதற்குப் பதில். பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸ் தடவிய தட்டுகளில் ஊற்றினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால் எல்லாத் தட்டிலும் பிழைத்தவை கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. பல தட்டில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, சிலவற்றில் மட்டும் கும்பல் கும்பலாகப் பிழைத்திருந்தன. குழாயில் வளரும்போதே, வைரஸைச் சந்திக்கும் முன்பே, சிலவற்றில் மாற்றம் தற்செயலாக நடந்து பெருகியிருந்தால்தான் இப்படி ஏற்றத்தாழ்வு வரும். 1969இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியுடன் சேர்ந்து.

நோயாளிகள் விஷயத்தில் இதே பாடம் பெரிய விலை கொடுத்துத்தான் கிடைத்தது. 1948இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 107 நோயாளிகள், 55 பேருக்கு ஊசி, மீதிப் பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்கள் அருமையாகத் தேறினார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. அந்த ஒரே மருந்தைத் தாங்கிய கிருமிகள் பலருடைய நெஞ்சில் மறுபடி பெருகிவிட்டிருந்தன.

வேறுபாடு கிருமியிடம் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம், நம்மிடமும் உண்டு. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து டிபியைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டிய இடம். அங்கே இன்னொன்றையும் கவனித்தார்கள். ஐசோனியாசிட்டை நம் ஈரலில் உள்ள ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது, பிறவியிலேயே அது சிலருக்கு வேகம், சிலருக்கு மெதுவு. தினமும் மாத்திரை சாப்பிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை என்று கொடுத்துப் பார்த்தபோது வேகக்காரர்களுக்குப் பலன் குறைந்தது. ஒரே மாத்திரை, ஒரே ஊர், ஆனால் ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் நாள் தவறித் தவறிச் சாப்பிட்டும் பிழைத்தார் என்றால் உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று இல்லை.

சரி, மருந்தை விட்டுவிட்டால் கிருமி பழைய குணத்துக்குத் திரும்பாதா? இதுவும் அடிக்கடி வருகிற கேள்வி, நியாயமான கேள்வி. ரிஃபாம்பிசினைத் தாங்கும் மாற்றம் கிருமிக்கும் ஒரு சுமைதான். மருந்தே இல்லாத இடத்தில் அப்படிப்பட்ட கிருமி பெரும்பாலும் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் வளரும், போட்டியில் பின்தங்கும். ஆனால் போட்டி போட மற்றவை இருக்க வேண்டுமே, மருந்து அவற்றை ஏற்கெனவே கொன்றுவிட்டது. அது மட்டுமில்லை, வளர வளர ஆர்பிஓசி என்ற இன்னொரு மரபணுவில் வேறொரு எழுத்துத் தவறு விழுந்து அந்தச் சுமையை ஈடுகட்டிவிடும். அதற்கப்புறம் மருந்தையும் தாங்கும், வேகமாகவும் வளரும். அப்படிப்பட்ட கிருமிதான் வீடு விட்டு வீடு போகிறது.

போகிற வழியும் கவனிக்க வேண்டியது. இருமும்போது பறக்கும் நுண்திவலையில் ஒன்றிரண்டு கிருமிதான் அடுத்தவரின் நுரையீரலின் அடிவரை போய்ச் சேர்கிறது. பல கோடியில் எந்த ஒன்று போகிறது என்பது முழுக்கத் தற்செயல். ஆனால் அந்த ஒன்று மருந்தைத் தாங்கும் வகையாக இருந்துவிட்டால் அதிலிருந்து பிறக்கிற கோடிக்கணக்கானவையும் அதே வகை. ஒரு மாத்திரைகூடத் தொடாத 19 வயதுப் பெண், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள், முதல் டெஸ்டிலேயே ரிஃபாம்பிசின் வேலை செய்யாத டிபியோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஒழுங்கா மருந்து சாப்பிடலையாடி?" என்று அவளுடைய பெரியம்மா என் முன்னாலேயே திட்டினார். அந்தம்மாவை நிறுத்தி விளக்க வேண்டியிருந்தது. 2014 முதல் 2016 வரை தேசிய அளவில் எடுத்த கணக்கில், ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களில் 11.6 சதவீதத்தினருக்குப் பல மருந்துக்கு அடங்காத டிபி இருந்தது, புதிதாக நோய் வந்தவர்களிலும் 2.84 சதவீதத்தினருக்கு இருந்தது. அந்த 2.84இல் இருப்பவர்கள் எந்த மாத்திரையையும் விட்டவர்கள் இல்லை. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் யாரைக் குற்றம் சொல்வது?

நோயாளிகளை மட்டும் சொல்லி நிறுத்தவும் எனக்கு மனமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வருகிறவருக்குச் சளி டெஸ்ட் எழுதாமல், ‘கொஞ்சம் வலுவான ஆன்டிபயாடிக்’ என்று லீவோஃப்ளாக்சசின் எழுதுகிற என் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். அது டிபி கிருமியையும் ஓரளவு கொல்லும் மருந்து. இருமல் கொஞ்சம் அடங்கும், நோய் தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் ஒற்றை மருந்தின் களையெடுப்பு நடந்திருக்கும். பின்னால் மருந்துக்கு அடங்காத டிபியைக் குணப்படுத்தத் தேவைப்படுகிற அதே மருந்துக் குடும்பத்தை இப்படி முன்கூட்டியே வீணாக்குகிறோம். மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்குவதும் இதே கதைதான். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் முதலில் சளி டெஸ்ட், எக்ஸ்ரே. டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், அதில் தவறில்லை.

ஆறு மாதம் மருந்து எதற்கு, இரண்டு மாதத்தில்தான் நன்றாகிவிட்டதே என்பவர்களுக்கும் ஒன்று. முதல் சில வாரங்களில் சாவது வேகமாகப் பெருகும் கிருமிகள், அதனால்தான் இருமல் நிற்கிறது. கொஞ்சம் கிருமிகள் பெருகாமல் தூங்கிக்கிடக்கும். இவை மரபணுவில் வேறானவை அல்ல, தூக்கத்தில் இருப்பதால் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்கிறது. பாதியில் விட்டால் இவை எழுந்து மறுபடி கோடிகளாகப் பெருகும், பெருகும்போது மறுபடி எழுத்துத் தவறுகள் விழும்.

அண்ணாச்சிக்கு இப்போது வேறு மருந்துகள் ஓடுகின்றன. முன்பெல்லாம் இந்த நிலைக்கு இரண்டு வருடம்வரை சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2024இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்த நாலு மருந்துச் சேர்க்கை ஆறு மாதத்தில் முடிகிறது, ஊசி கிடையாது. அதில் பெடாகுவிலின் இருக்கிறது. அந்த மருந்தைப் பற்றி எனக்கு நிம்மதியும் உண்டு, அதைத் தாங்கும் எழுத்துத் தவறும் எங்கேயாவது ஒரு நெஞ்சில் இருக்கும் என்பதால் பயமும் உண்டு.

அடுத்த கொடைக்கு ஊருக்குப் போவேன் என்கிறார். போகட்டும், போகக் கூடாது என்று நான் யாரையும் சொன்னதில்லை. அரசு மருந்து சாப்பிடுகிற எவருக்கும் நிக்ஷய் என்ற டிபி பதிவு எண் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைக் காட்டி ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மருந்தைத் தொடரலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இங்கே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வயிற்றைப் புரட்டினால் எந்த மாத்திரையையும் நீங்களாக ஒதுக்காதீர்கள், வந்து சொல்லுங்கள், அதற்கு வேறு வழி பார்க்கலாம். அண்ணாச்சியின் மனைவி மாத்திரை அட்டைகளை மாவு அரைக்கிற கிரைண்டர் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறார், விடிகாலை மூன்று மணிக்கு அவர் எழுந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடம் அதுதானாம்.