வலம்புரிச் சங்குக்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டுமா?

போன தை மாதம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றிய சங்கு ஒன்றோடு என்னைத் தேடி வந்தது. ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போன இடத்தில் ஒரு வியாபாரி வலம்புரி என்று சொல்லி 60,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். பேத்தி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். "இயற்கை எதையும் சும்மா படைக்காது. லட்சத்தில் ஒரு சங்கு மட்டும் மாற்றிச் சுழிகிறதென்றால் அதற்கு ஒரு சக்தி இல்லாமலா?" என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்விக்குத்தான் பாட்டி விழுந்துவிட்டார்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். இந்தக் கரையில் இருபது வருடமாகச் சங்கும் சிப்பியும் பார்த்து வருகிறேன். அந்த வியாபாரியின் வாக்கியத்தை வகுப்பிலும் கேட்டிருக்கிறேன். "பயன் இல்லாமல் பரிணாமத்தில் எதுவும் வராது மேடம்" என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே சொல்வார்கள். இரண்டும் ஒரே தவறுதான்.

முதலில் சங்கைப் பார்த்துவிடுவோம். மேசையில் இருந்த சாதாரண இடம்புரிச் சங்கை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுத்து, வாய்க்குள் விரலை விடச் சொன்னேன். நடுத்தண்டைச் சுற்றி மூன்று நான்கு மடிப்புகள் வரப்பு வரப்பாகத் தட்டுப்படும். அப்புறம் அவர் வாங்கிய சங்கில் விடச் சொன்னேன். வழவழவென்று போனது. ஒரு மடிப்புகூட இல்லை. அது நம் கடல் சங்கே இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் வேறொரு நத்தையின் ஓடு. அந்த இனத்தில் பிறக்கிற எல்லாமே பெரும்பாலும் அப்படித்தான் சுழியும். அங்கே அதில் அபூர்வம் ஒன்றுமில்லை. இங்கே கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள்.

சரி, நிஜமான வலம்புரி? அது இருக்கிறது, அபூர்வமும்தான். கீழக்கரையில் தலைமுறையாகச் சங்கு குளித்தவர்களில் பலர் ஒன்றுகூடக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தச் சுழி எப்படி மாறுகிறது என்பது வேறு கதை. குளத்து நத்தையில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். முட்டை பிளந்து நான்கு செல், எட்டு செல் ஆகிற நேரத்தில், மேல் வரிசைச் செல்கள் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகின்றன என்பதில் ஓட்டின் சுழி முடிவாகிவிடுகிறது. அதைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணுகூட இல்லை, தாயின் மரபணு. அதில் ஒரு பிழை விழுந்தால் சுழி மாறிவிடும். அப்படி மாறியது ஏன் பெருகுவதில்லை? பல நத்தை இனங்களில் எதிரெதிர்ச் சுழி உள்ளவை ஒன்றோடொன்று சரியாக இணைசேர முடியாது. துணை கிடைக்காதது அபூர்வமாகவே நின்றுவிடுகிறது.

சங்கின் வெண்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கையெடுத்துக் கும்பிடுகிற அந்த வெள்ளையை உயிருள்ள சங்கில் பார்க்க முடியாது. கடலிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் ஓடு முழுக்கத் தவிட்டு நிறத் தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் வெள்ளை தெரியும். மணலில் பாதி புதைந்து புழு தின்று வாழ்கிற பிராணிக்கு, தோலுக்கு அடியில் இருக்கிற வெண்மையால் என்ன பயன்? சுண்ணாம்பால் கட்டிய ஓடு வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஓடு கெட்டியாக இருப்பதற்குப் பயன் உண்டு. வெண்மை அதோடு ஒட்டிவந்தது. ரத்தம் சிவப்பாக இருப்பதும் இப்படித்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பனையோலைக் கொட்டான் முடைவதைப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் கட்டம் கட்டமாக விழும். அந்தக் கட்டத்துக்காக யாரும் கொட்டான் முடைவதில்லை, முடைந்தால் கட்டம் விழாமலும் இருக்காது. பிறகு ஒருத்தி அந்தக் கட்டத்துக்குச் சாயம் ஏற்றி அழகு பார்க்கலாம். அதனால் கட்டம் சாயத்துக்காகவே வந்தது என்று ஆகிவிடாது. 1979-இல் பரிணாம அறிஞர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் வெனிஸ் நகரத் தேவாலய வளைவுகளுக்கு இடையே விழும் முக்கோண இடத்தைக் காட்டி இதையே சொன்னார்கள். எனக்குக் கொட்டான்தான் நெருக்கம்.

பயனுக்காக வந்தது, ஒட்டிவந்தது என்று ஒரே உடம்பில் இரண்டு வகையும் இருக்கும். ஆவுளியா என்கிற கடற்பசுவின் எலும்பு கல் மாதிரி கனமானது. கடற்புல் மேய அடியில் இறங்க அந்தக் கனம் உதவுகிறது, அது நல்ல தகவமைப்பு. அதே ஆவுளியாவில் ஆணுக்குப் பருவத்தில் தந்தம் வெளியே வரும். பெண்ணுக்கும் தந்தம் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தாடைக்குள்ளேயே கிடக்கும். வெளியே வராத தந்தத்தால் அவளுக்கு என்ன லாபம்? ஆணும் பெண்ணும் ஒரே வரைபடத்தில் வளர்வதால் அவளுக்கும் வந்திருக்கிறது.

டார்வினே 1859-இல் எச்சரித்திருக்கிறார். பிறக்கும் குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒட்டாமல் பிரிந்திருக்கும். பிரசவம் எளிதாக அது உதவுகிறது, ஒருவேளை அவசியமாகவும் இருக்கலாம். ஆனால் முட்டையை உடைத்து வெளிவரும் பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் அதே பிரிவுகள் இருக்கின்றனவே என்று கேட்டார். ஆகவே அது பிரசவத்துக்காக உண்டானது என்று சொல்லிவிட முடியாது.

அதற்காகப் பயனே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானின் தென் தீவுகளில் நத்தை மட்டுமே தின்னும் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் கீழ்த்தாடையில் வலப்பக்கம் சுமார் 25 பல், இடப்பக்கம் சுமார் 18. வழக்கமான சுழியுள்ள நத்தையை உருவியெடுக்க வாகான வாய். மாற்றுச் சுழி நத்தை அதன் பிடிக்குப் பெரும்பாலும் சிக்குவதில்லை. இது பாம்பையும் நத்தையையும் சேர்த்துவிட்டுச் சோதித்துச் சொன்னது. பயன் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்பார்ப்பது இந்த அளவு வேலையைத்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "சும்மா படைக்காது" என்ற பேச்சு சங்கோடு நிற்பதில்லை. காய்ந்த கடல்குதிரையையும் அதே பேச்சில்தான் மருந்தென்று நீட்டுகிறார்கள். கடல்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. வாங்கி வைத்தாலே வழக்கு வரும், ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்கும். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

சங்கு வாங்கப் போனால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். மடிப்பு தட்டாவிட்டால் மேற்கொண்டு விலை பேசாதீர்கள். தட்டினாலும், பெரிய தொகை என்றால், சங்கு தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, இதை சாமி அறையில வைக்கலாமா, கூடாதா?" என்றார். "வைங்க பாட்டி, அது உங்க மனசு. மிச்சப் பணம் கேட்டு வந்தா மட்டும் கொடுக்காதீங்க" என்றேன். இன்னும் பத்தாயிரம் பாக்கி இருந்தது. மேசையில் கிடந்த இடம்புரியை மறுபடி எடுத்து, உள்ளே விரலை விட்டு, ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.