குடலுக்குள்ளே இன்னொரு கை

கேமரா வைத்த, வளைகிற நீளக் குழாயான ஸ்கோப்பை ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் விட்டுக் கட்டி எடுக்கிற எங்களுக்கு ஒரு பெரிய சங்கடம்: இருப்பது ஒரே கை. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்கிற சர்ஜன் இடது கையால் சதையைத் தூக்கிப் பிடித்து வலது கையால் வெட்டுவார். ஸ்கோப்பில் கருவி நுழைகிற துளையோ பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கத்தி போய்விட்டால் பிடிக்கிற கருவிக்கு இடமில்லை. பெருங்குடல் சுவரோ சில மில்லிமீட்டர் கனம்தான். ஓட்டை விழுந்தால் மலம் வயிற்றுக்குள் கசியும்.

குடல் சுவரின் உள்பக்கம் முளைக்கிற சதைக் கட்டியைத்தான் பாலிப் என்கிறோம். எல்லாப் பாலிப்புக்கும் இந்தப் பாடு கிடையாது. 10 மி.மீ.க்குக் குறைவானதைச் சுருக்குக் கம்பி போட்டு, கரண்ட் கூட இல்லாமல் இறுக்கி அறுத்துவிடலாம். தொந்தரவு தருபவை 20 மி.மீ.க்கு மேல், சுவரோடு சுவராகப் படர்ந்த தட்டைக் கட்டிகள். துண்டு துண்டாக எடுத்தால் மிச்சம் நின்று மறுபடி முளைக்கலாம். ஒரே துண்டாக எடுக்க ஜப்பானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறைதான் இ.எஸ்.டி. (எண்டோஸ்கோப்பிக் சப்மியூகோசல் டிசெக்ஷன்). கட்டிக்கு அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றினால் கட்டி மேலெழும்பும். நீலமாகத் தெரிகிற அந்த அடுக்கை மட்டும், முனை 1.5 அல்லது 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிற கத்தியால் அறுத்துக்கொண்டே போக வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் ரத்தசோகைக்காக வந்தார். "வயக்காட்டுல நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது சார்" என்றார். பார்த்தால் வலப்பக்கக் குடலில் படர்ந்த கட்டி. "வயித்தக் கிழிக்காம முடிஞ்சிருமா சார்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஓரத்தை வெட்டி லேசாக உரித்ததும் அதில் ஒரு கிளிப், அதாவது சதையைக் கவ்விப் பிடிக்கிற குட்டிக் கவ்வி, மாட்டினோம். கிளிப்போடு ஒரு சின்ன ரப்பர் வளையம், பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்கள் போடுவார்களே, அதேதான். இன்னொரு கிளிப்பால் அந்த வளையத்தைக் கவ்வி எதிர்ச்சுவரில் மாட்டியதும் ஓரம் விறைப்பாக எழுந்து நின்றது. அடியிலிருந்த நீல அடுக்கும், குறுக்கே ஓடிய ரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன. வாழைப்பட்டையில் நார் உரிக்கிறவர்களுக்கு இது புரியும்: இழுத்துப் பிடித்தால்தான் வழி தெரியும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கத்தியைவிட இந்த ரப்பர் வளையத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பதும் பாதி வேலையை முடிக்கும். கட்டி மேற்பக்கம் வருகிற மாதிரி திருப்பினால், உரிந்த பகுதி தன் கனத்திலேயே கீழே தொங்கும். தண்ணீரும் ரத்தமும் எதிர்ப்பக்கம் தேங்கும்.

இன்னொரு எதிரி, ஸ்கோப் குடலுக்குள் வளையம் போட்டுக்கொள்வது. அப்போது உள்ளே தள்ளினால் முனை பின்னால் போகும், இழுத்தால் முன்னால் பாயும். கத்தி வெளியே நீட்டியிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கோப் நேராக இருந்தால் 70, 80 செ.மீ. உள்ளே போனதுமே பெருங்குடலின் தொடக்கம், அதாவது சிறுகுடல் வந்து சேருகிற இடம், வந்துவிடும். அளவு அதற்கு மேல் காட்டினால் எங்கேயோ வளையம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். திருகி இழுத்து, நர்ஸைவிட்டு வயிற்றை அழுத்தி, நேராக்கிவிட்டுத்தான் கத்தியைத் தொட வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

சக மருத்துவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்படிப் படர்ந்த கட்டியைப் பார்த்தால், நாலைந்து இடத்தில் பயாப்ஸி என்று பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு கிள்ளி எடுத்து, பாதி அறுத்துப் பார்த்து அனுப்பாதீர்கள். அந்தப் புண் ஆறும்போது அடியில் தழும்பு விழும். அப்புறம் எவ்வளவு திரவம் ஏற்றினாலும் கட்டி எழும்பாது. நல்ல படம் எடுத்து அனுப்பினால் போதும்.

நோயாளிகளுக்கு: ஸ்கோப் போடுவதற்கு முந்தின ரெண்டு மூணு நாளைக்குக் கீரையும் கொய்யாவும் விதையுள்ள காய்களும் வேண்டாம். ஸ்கோப்பில் தண்ணீரை உறிஞ்சுகிற துளையில் விதை போய் அடைத்துக்கொள்ளும். பேதி மருந்தைச் சொன்ன நேரத்தில், சொன்ன அளவு குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எடுத்த கட்டியை விரித்து, ஊசி குத்திப் பதித்து, பரிசோதனைக்கு அனுப்புவோம். புற்றுச் செல்கள் அடியிலுள்ள அடுக்கில் 1 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆபரேஷன் தேவைப்படலாம். "அதான் எடுத்தாச்சே" என்று அந்த ரிப்போர்ட்டை வாங்க வராமலே இருந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.