சாக்கெட் பொருந்திவிட்டால் மட்டும் போதுமா?

கணினி அசெம்பிள் செய்வதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்ட என்னிடம், எந்தப் பாகமும் பழுதாகாமலேயே இயங்க மறுக்கும் புதுக் கணினிகள் அவ்வப்போது வருகின்றன. அண்மையில் வந்த ஒன்றில் மின்விசிறிகள் எல்லாம் சுழன்றன. திரையில் மட்டும் எதுவும் தெரியவில்லை. ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் மதர்போர்டின் ஓரத்தில், பிராசஸரைக் குறிக்கும் குட்டி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. போர்டு, ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) கொண்ட பி450. பிராசஸரோ அந்தப் போர்டுக்குப் பிறகு, 2020இல் அறிமுகமான ரைசன் 5000 வரிசையைச் சேர்ந்தது. அதே சாக்கெட்டுக்கான பழைய பிராசஸர் ஒன்றை மாட்டி, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற போர்டின் மென்பொருளைப் புதுப்பித்தபின், புதியதும் ஒழுங்காக இயங்கியது.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே போர்டும் பிராசஸரும் சேர்ந்து இயங்கிவிடும் என்று சொல்ல முடியாது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறையும் எட்டாம் தலைமுறையும் எல்ஜிஏ1151 என்ற ஒரே சாக்கெட் பெயரைக் கொண்டிருந்தும், எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களுடன் இணைக்கும், போர்டிலுள்ள சில்லு) தேவைப்பட்டது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்குரிய பிராசஸர் பட்டியலைத் திறந்து, நீங்கள் வாங்கவிருக்கும் பிராசஸர் அதில் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இயங்கும் என்று பார்த்துவிடுங்கள். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறத்தில் உண்டு. இரண்டு போர்டுகளுக்கு இடையே தயங்கினால், அந்தப் பொத்தான் இருப்பதையே நான் எடுப்பேன்.

பலரும் கவனிக்கத் தவறுவது மின்சாரக் கணக்கை. கோர் ஐ7-13700 பிராசஸரின் பெட்டியைப் பார்த்து 65 வாட் என்று நம்பிவிடுகிறோம். அது அடிப்படை வேகத்துக்கான அளவுதான். முழு வேகத்தில் அதன் உச்சவரம்பு 219 வாட். அந்த மின்சாரத்தைப் பிராசஸருக்குத் தருவது, சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் என்னும் மின்சுற்று. வீடியோ எடிட்டிங்குக்காக வாங்கிய ஒரு கணினி, எடிட் செய்த வீடியோவைக் கோப்பாக மாற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் மந்தமாகிவிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். பிராசஸரின் வெப்பம் சரியாகவே இருந்தது. விஆர்எம் மீது வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடு இல்லாத மலிவுப் போர்டு அது. அந்த இடத்தை நோக்கிச் சிறு விசிறி ஒன்றை வைத்ததும் வேகம் குறையாமல் நின்றது. போர்டில் மிச்சம் பிடித்த பணம், பிராசஸரின் வேகத்தில் போய்விட்டது. அதற்காக இசட் வரிசை சிப்செட்டுக்குத் தாவவும் வேண்டாம். இன்டெல் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, நினைக்காதவருக்கு, நல்ல விஆர்எம் உள்ள பி வரிசைப் போர்டே தாராளம்.

ரேமைப் பொறுத்தவரை, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையும் உண்டு, ஒன்றுக்குரியது மற்றதில் நுழையாது. இன்டெல் பிராசஸர் பெயரின் இறுதியில் எஃப் இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐயில் திரையை இணைத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

ஏஎம்5, எல்ஜிஏ1700 போன்றவற்றில் ஊசிகள் பிராசஸரில் இல்லாமல் சாக்கெட்டில் இருக்கின்றன. பிராசஸரை மாட்டும்போது சாக்கெட்டிலிருந்து தெறித்து விழும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; உத்தரவாதத்துக்காகப் போர்டை அனுப்ப நேர்ந்தால், வழியில் ஊசிகள் வளையாமல் காப்பது அதுதான்.