மீத்தேன் இருந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்

"சனியின் நிலவில் மீத்தேன்! உயிர்கள் இருப்பது உறுதி!" இந்த சீசனிலும் இதே பார்வர்டு வந்துகொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, பூம்பாறைப் பக்கம் ராத்திரி வானம் காட்டும் ஒரு கேம்ப்பில் வழிகாட்டித் தம்பியும் இதையே அடித்துச் சொன்னார். பிள்ளைகள் அப்படியே நம்பிவிட்டார்கள். இதற்குமேல் சும்மா இருக்க மனமில்லை. நான் ஐசோடோப்பு ஆய்வகத்தில், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளை அளக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். மழைநீரிலும் ஓடைநீரிலும் கன ஹைட்ரஜன் (ஹைட்ரஜனின் எடை கூடிய வகை) எவ்வளவு என்று அளப்பதுதான் அன்றாட வேலை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது புரிகிறது. நமக்கு மீத்தேன் என்றால் சாண எரிவாயு. மேல்மலைச் சதுப்பில் கம்பை விட்டுக் கிளறினால் குமிழ் குமிழாய்க் கிளம்புகிறதே, அதிலும் மீத்தேன்தான். இரண்டையும் உண்டாக்குவது நுண்ணுயிர்கள், சந்தேகமே இல்லை. அதற்காக, உயிர் இல்லாமல் மீத்தேன் உண்டாகவே உண்டாகாது என்று ஆகிவிடுமா? ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான் மீத்தேன். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசியின் மேல் கடுங்குளிரில் உண்டாகிறது. வால்மீன்களில் உறைந்து கிடக்கிறது. யுரேனஸும் நெப்டியூனும் நீலம் பூத்துத் தெரிவதற்கே மீத்தேன் ஒரு காரணம். ஆலிவின் பாறையோடு சுடுநீர் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும்; அது கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்தால் மீத்தேன். பாறைக்குள் புதைந்த கரிமப் பொருள் சூட்டில் சிதைந்தாலும் மீத்தேன்தான். இத்தனை வழிகளில் உயிர் ஒரே ஒரு வழி. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

எது எந்த வழியில் வந்தது என்று துப்புக் கொடுப்பது டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன். இதில் கதிரியக்கம் கிடையாது. நீங்கள் குடிக்கும் தண்ணீரிலும் இருக்கிறது. கடல்நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 156 (கீழே வரும் அளவுகளும் இதே கணக்கில்தான்). மலையேறும் மேகம் கனமானதை முதலில் பொழிந்துவிடுவதால், வத்தலக்குண்டு மழையைவிடக் கொடைக்கானல் மழையில் பொதுவாகக் கொஞ்சம் குறையும்.

67பி வால்மீனை ரோசெட்டா விண்கலம் அளந்தபோது அதன் தண்ணீரில் 500 சொச்சம் இருந்தது, மீத்தேனிலோ ஏறக்குறைய 2,400. ஆதிகாலக் குளிரில் உறைந்து அப்படியே தங்கிவிட்ட மீத்தேன் இப்படித்தான் இருக்கும். ஏரிஸ், மகேமகே என்ற குள்ளக் கோள்களின் மீத்தேனை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. 2024இல் வெளியான முடிவு: 250, 290 அளவில்தான். சனியின் பெரிய நிலவான டைட்டனில் அதைவிடவும் குறைவு. இவை வால்மீன் மீத்தேன் போல இல்லை. தண்ணீரின் அளவை ஒட்டி நிற்கின்றன. ஆகவே ஏரிஸிலும் மகேமகேயிலும் இருப்பது, உள்ளே வெப்பம் இருந்து, அங்குள்ள தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு உருவான மீத்தேன் என்கிறார்கள்.

சனியின் இன்னொரு நிலவான என்சலடஸ் பீய்ச்சும் நீராவிக்குள் காசினி விண்கலம் புகுந்து வந்தது. தண்ணீரின் கன ஹைட்ரஜன் கிடைத்தது, சுமார் 290. மீத்தேனுடையது கிடைக்கவில்லை. சாதா மீத்தேனின் நிறை 16. கன ஹைட்ரஜன் ஒன்று ஏறினால் 17. கார்பனின் எடை கூடிய வகையான கார்பன்-13 கொண்ட மீத்தேனும் 17, அம்மோனியாவும் 17, கருவிக்குள் தண்ணீர் உடைந்து வரும் ஹைட்ராக்சில் துண்டும் 17! காசினியின் கருவிக்கு இவற்றைப் பிரிக்கும் திறன் இல்லை. மாஸ் ஸ்பெக் என்ற நிறை அளக்கும் கருவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

நாளைக்கே அளந்துவிட்டாலும், மீத்தேன் பிறவியிலேயே வந்ததா, உள்ளே உருவானதா என்பதைத்தான் முதலில் சொல்ல முடியும். உருவாக்கியது பாறையா, நுண்ணுயிரா என்பதற்கு இந்த ஒரு எண் போதாது. நுண்ணுயிரும் தண்ணீரிலிருந்துதானே ஹைட்ரஜனை எடுக்கிறது? தவிர, சூட்டில் நெடுங்காலம் கிடந்தால் மீத்தேனும் தண்ணீரும் ஹைட்ரஜனை மாற்றிக்கொள்ளும். பழைய அடையாளம் அழிந்துபோகும்.

எனவே 'உறுதி' என்ற சொல் இருந்தால் பார்வர்டு செய்யாதீர்கள். எந்த விண்கலம், எந்தக் கருவி, எதை அளந்தது என்று செய்தியில் இல்லையா? அழித்துவிடுங்கள். ஆசிரியர்களே, தேர்வுத் தாளில் "மீத்தேன் உயிரின் அடையாளம்" என்று எழுதினால் மார்க் போடாதீர்கள். ஏன் என்று வகுப்பில் பேசுங்கள்.

கேம்ப் நடத்தும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்குப் பக்கத்தில் சின்னத் தொலைநோக்கியிலேயே புள்ளியாய் டைட்டன் தெரியும். அதைக் காட்டுங்கள். அங்கே மீத்தேன் இருப்பதை, வெறும் ஒளியைப் பிரித்துப் பார்த்தே 1944இல் வானியலாளர் கைப்பர் கண்டுபிடித்தார் என்று சொல்லுங்கள். மாஸ் ஸ்பெக் சுமந்துகொண்டு டிராகன்ஃபிளை விண்கலம் 2028இல் அங்கே கிளம்பத் திட்டம் இருக்கிறது, 2034இல் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.