ஒரே ஐஸ்கிரீம், நாட்டுக்கொரு சட்டம்

"இந்த எமல்சிஃபையரை வேற நாட்டுல தடை பண்ணிட்டாங்களாமே, நாம மட்டும் ஏன் சாப்பிடணும்?" உணவுத் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்க உணவில் சேர்க்கும் பொருள்தான் எமல்சிஃபையர். கேட்பவர்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளின் பெற்றோர். நியாயமான கவலைதான். ஆனால் ஒரு நாட்டில் அனுமதி இல்லை என்பதை மட்டும் வைத்து அது நஞ்சு என்று முடிவு கட்டக் கூடாது. பாலிசார்பேட் 80 என்ற எமல்சிஃபையர் அதற்கு நல்ல உதாரணம்.

சார்பிட்டால், ஒலியிக் அமிலம், எத்திலீன் ஆக்சைடு இவற்றிலிருந்து ஆலையில் தயாராகும் பொருள் இது. ஐஸ்கிரீம் கலவையில் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் பால் புரதம் உறைபோலப் படிந்திருக்கும். பாலிசார்பேட் அந்தப் புரதத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். பிறகு கலவையைக் கடைந்து உறைய வைக்கும்போது துளிகள் பாதி பாதியாக ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுக் குமிழிகளைத் தாங்கி நிற்கும். சில ஐஸ்கிரீம்கள் சட்டென்று ஒழுகாமல் வடிவம் குலையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஐஸ்கிரீமில் இதை எடையில் 0.1 சதவீதம் வரை சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றேதான். சாஸ் பக்கம் போனால் ஐரோப்பாவின் கை தாராளம்: எண்ணெயும் நீரும் கலந்த எமல்ஷன் வகை சாஸ்களில் கிலோவுக்கு 5000 மில்லிகிராம் வரை போகலாம். அமெரிக்கா பார்பெக்யூ சாஸுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.005 சதவீதம், அதாவது கிலோவுக்கு வெறும் 50. இரண்டும் வேறு வேறு வகை சாஸ் என்பது உண்மை. ஆனாலும் "ஐரோப்பா என்றாலே கறார்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

ஜப்பான் கதையே வேறு. 2008 வரை அங்கே இதற்கு அனுமதி கிடையாது. பட்டியலில் பெயர் ஏறிய சேர்க்கைப் பொருளை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது அங்குள்ள விதி. இது அந்தப் பட்டியலில் ஏறாமல் இருந்தது, அவ்வளவுதான். பிற நாடுகளில் பரவலாகப் புழங்கும் பொருள்களை அரசே முன்வந்து மதிப்பிடத் தொடங்கிய பிறகுதான் இதற்கும் அனுமதி வந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை உட்கொள்ளலாம் என்பதிலும் எண்கள் மாறியிருக்கின்றன. ஐரோப்பா முன்பு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்திருந்ததை, 2015இல் அதன் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லா பாலிசார்பேட்களுக்கும் சேர்த்து 25 ஆக உயர்த்தியது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 500 மில்லிகிராம். உச்ச வரம்பில் சேர்த்த ஐஸ்கிரீம் 100 கிராமில் இருப்பது 100 மில்லிகிராம். அதே நாளில் கேக்கும் சாஸும் சேர்ந்தால் கணக்கு ஏறும்.

அதே 2015இல் வெளியான ஒரு எலி ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. குடிநீரில் பாலிசார்பேட் 80 கலந்து கொடுத்த எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் மாறின. குடலைக் காக்கும் சளிப்படலத்துக்குள் அவை ஊடுருவின. லேசான அழற்சியும் ஏற்பட்டது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய நச்சுத்தன்மைச் சோதனைகள் குடல் நுண்ணுயிர்களைக் கவனிக்கவென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே அந்தத் தினசரி வரம்பு எண்களை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வரம்புகளைவிட என்னை வருத்துவது லேபிள்தான். அமெரிக்காவில் பெயரையே போட வேண்டும். ஐரோப்பாவில் எமல்சிஃபையர் என்று குறிப்பிட்டு, கூடவே பெயரோ ஈ433 என்ற எண்ணோ இருக்க வேண்டும். ஜப்பானிலோ 'எமல்சிஃபையர்' என்ற பொதுப்பெயர் மட்டுமே போதும். சோயா லெசித்தினும் அதற்குள் அடக்கம், பாலிசார்பேட்டும் அடக்கம். சாப்பிடுபவருக்கு எது என்று எப்படித் தெரியும்?

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் இந்த எமல்சிஃபையரைக் குறைத்துக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவரிடம் பேசுவது நல்லது. பாலிசார்பேட் 80, ஈ433, ஐஎன்எஸ் 433 (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) மூன்றும் ஒரே பொருள்தான். பொட்டலத்தில் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எந்த எமல்சிஃபையர், எவ்வளவு என்பது அவர்களுடைய கலவைத் தாளில் எழுதப்பட்டிருக்கும்.