அட்டையில் இருந்தது ஒன்றியம் அல்ல, சங்கம்

1979-இல் வந்த 'நார்மா ரே' படத்தில் ஒரு காட்சி. சாலி ஃபீல்டு நடித்த தொழிலாளிப் பெண்ணை மில்லை விட்டு வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். அவர் ஒரு மேசை மேல் ஏறுகிறார். அட்டையில் 'யூனியன்' என்று பெரிதாக எழுதி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மெல்லச் சுற்றித் திரும்புகிறார். வசனமே கிடையாது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. கடைசியில் மில்லே அமைதியாகிவிடுகிறது. வட கரோலினாவில் கிரிஸ்டல் லீ சட்டன் என்ற மில் தொழிலாளி 1973-இல் உண்மையிலேயே செய்த காரியம் இது.

டிவிடியில் பல முறை பார்த்த படம். அண்மையில் யாரோ எழுதிய தமிழ்த் துணைவரியோடு பார்த்தேன். அட்டை உயர்ந்த அந்த நொடியில் திரைக்குக் கீழே வந்த சொல் 'ஒன்றியம்'. மனசே விட்டுப்போயிற்று. மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் 'தொழிலாளர் ஒன்றியம்' என்று படித்துப் படித்துச் சலித்தவன் நான். இந்தக் காட்சியிலும் அதுதானா?

வேர்க்கதை சிறியது. ஆங்கிலச் சொல் லத்தீனில் 'ஒன்று' என்று பொருள்படும் ஊனுஸ் என்பதிலிருந்து வந்தது. சங்கம் வடசொல், மணிமேகலை காலத்திலேயே புத்த, தன்ம, சங்கம் என்று தமிழுக்குள் வந்துவிட்டது. தொழில் + சங்கம் = தொழிற்சங்கம். சிலர் எழுதுவதுபோல் நடுவில் 'ச்' வராது.

ஒன்றியத்துக்காக வாதாடுபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, மூலச்சொல்லிலும் 'ஒன்று' இருக்கிறது. இரண்டு, இது தூய தமிழ். முதலாவதை நான் ஏற்கவில்லை. சொல்லின் வேரை மொழிபெயர்த்தால் போதாது, அது செய்யும் வேலையை மொழிபெயர்க்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம், சோவியத் ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியம் என்று சொல்லும்போது மனசில் வருவது நிலப்பரப்பு, எல்லைக்கோடு. சங்கம் என்றால் வருவது ஆட்கள், சந்தா, கூட்டம், தலைவர். மில்லில் ஒருவர் இன்னொருவரிடம் "சங்கத்தில் சேர்ந்துட்டியா?" என்றுதான் கேட்பார். "ஒன்றியத்தில் சேர்ந்துட்டியா?" என்று கேட்டால் எதிரே நிற்பவருக்கு எதைக் கேட்கிறார் என்றே புரியாது.

இலங்கையில் மாணவர் ஒன்றியம் என்பது இயல்பான வழக்கு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் தொழிலாளர்கள் வைத்திருப்பது தொழிற்சங்கம்தான்.

தூய்மை வாதத்தை மதிக்கிறேன். நானும் முடிந்தவரை தமிழ்ச் சொல்லையே தேடுபவன். ஆனால் இங்கே அதை வைத்துச் சங்கத்தைத் தள்ள முடியாது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சேர்ந்து பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு, தமிழில் சென்னைத் தொழிலாளர் சங்கம். திரு.வி.க.வை விடத் தமிழ்ப்பற்றில் மேம்பட்டவர் யார்? அவருக்குக் கூசாத சொல் நமக்கு ஏன் கூச வேண்டும்? சரி, தூய தமிழேதான் வேண்டுமென்றால் கழகம் இருக்கிறதே என்பார்கள். குறளில் அது சூதாடும் இடம். இன்றைக்குக் கேட்டால் கட்சிதான் நினைவுக்கு வரும். இரண்டுமே மில் தொழிலாளிக்குப் பொருந்தாது. ஒன்றியத்தை விட 'யூனியன்' என்றே எழுதிவிடலாம், தொழிலாளர்கள் நாவில் அதுவும் இருக்கிறது.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு: 'வர்த்தக சங்கம்'. 'டிரேட் யூனியன்' என்ற ஆங்கிலப் பெயரின் முன்பாதியில் உள்ள 'டிரேட்' கைத்தொழிலைக் குறிக்கிறது, வியாபாரத்தை அல்ல. வர்த்தக சங்கம் வைப்பவர்கள் வியாபாரிகள், முதலாளிகள். தொழிலாளியை எதிர்த்தரப்பு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கிற மொழிபெயர்ப்பு இது.

அந்தத் துணைவரியில் இப்படி இன்னும் நிறைய. ஊருக்கு வந்து ஆட்களைத் திரட்டுகிறவரை 'ஏற்பாட்டாளர்' ஆக்கியிருந்தார்கள்; கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்போல் இருக்கிறது. அவர் சங்க அமைப்பாளர். 'லோக்கல்' வந்த இடத்தில் 'உள்ளூர்'. அங்கே அது சங்கத்தின் கிளை. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டும் முன் ஆலை வாசலில் சங்கம் நடத்தும் ஒரு வாயிற்கூட்டத்தில் அரைமணி நேரம் நின்று கேட்டால் இந்தச் சொற்கள் எல்லாம் காதில் விழும்.

'சங்கம் என்றால் சாதிச் சங்கமும் உண்டே, குழப்பம் வராதா?' என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் தடவை தொழிற்சங்கம் என்று எழுதிவிட்டால் போதும், அப்புறம் சங்கம் என்பதே விளங்கும். அந்தத் துணைவரிக் கோப்பை நானே திறந்து முதலிலிருந்து அப்படித்தான் திருத்தினேன். அட்டை உயரும் இடத்தில் 'தொழிற்' கூட இல்லை. சங்கம், அவ்வளவுதான்.