காகிதப்பூ: சொல்லும் செடியும்

வேலியில் படர்ந்தும், மொட்டைமாடித் தொட்டியில் வளைந்தும், நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் வெயிலைக் குடித்தும் பூக்கிற போகன்வில்லாவுக்குத் தமிழில் வழங்கும் பெயர் காகிதப்பூ. சில இடங்களில் பேப்பர் பூ என்றும் சொல்வார்கள். இந்தப் பெயரை எந்தக் குழுவும் கூடி உருவாக்கவில்லை. தொட்டுப் பார்த்தவர்கள் வைத்த பெயர் இது. போகன்வில்லாவுக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர் வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் பூ என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் பூவிதழே அல்ல. மூன்று மெல்லிய இலைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அவற்றில் நரம்புகள் ஓடுவது இலையில் ஓடுவது போலவே தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுநரம்போடும் ஒட்டியபடி ஒரு சிறு குழாய் நிற்கும். அதன் வாய் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ நட்சத்திர வடிவில் விரிந்திருக்கும். அந்தக் குழாய்தான் பூ. வண்ண இலைகளைத் தாவரவியல் பாடநூல்கள் 'பூவடிச்செதில்' என்கின்றன. கலைச்சொல்லாக அது நிலைத்துவிட்டது. ஆனாலும் செதில் என்றதும் மீன்தான் நினைவுக்கு வருகிறது. 'பூவடியிலை' என்றால் கண்ணுக்குத் தெரிவதை இன்னும் நேராகச் சொன்னதாக இருக்கும்.

உலர்ந்து, சரசரத்து, நாள்கணக்கில் நிறம் மாறாமல் நிற்பதால்தான் காகிதம் என்ற உவமை பல நாட்டாருக்கும் தோன்றியிருக்கிறது. மலையாளத்தில் கடலாசுப்பூ, தெலுங்கில் காகிதம்பூ, மலாயில் 'புங்கா கெர்த்தாஸ்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். இலை மூன்று என்பதைப் பிடித்துக்கொண்டு 'திரினித்தாரியா' என்று அழைக்கும் ஸ்பானிய மொழி வட்டாரங்களும் உண்டு.

போகன்வில்லா என்பது ஒரு மனிதரின் பெயர். பிரெஞ்சுக் கடற்பயணி லூயி அந்துவான் த பூகேன்வீல் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்தார். அவருடைய பயணத்தில் தாவரவியலாளராகச் சென்ற ஃபிலிபேர் கொமர்சோன், 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இந்தக் கொடியைக் கண்டு, தலைவரின் பெயரைச் சூட்டினார். கொமர்சோனின் உதவியாளராக ஆண் உடையில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். அன்று பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லை. ரியோவில் கொமர்சோன் கால் புண்ணால் அவதிப்பட்டதால், இந்தச் செடியை முதலில் பறித்து வந்தவர் பாரேயாகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. உலகைச் சுற்றிய முதல் பெண் என்று அறியப்படும் அவருக்கு, செடியின் பெயரில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுஸ்யூ இந்தப் பேரினத்தை நூலில் பதிந்தபோது 'புகின்வில்லேயா' என்று எழுத்துக்கூட்டினார். இன்றைய எழுத்துமுறை நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆகவே தமிழில் போகன்வில்லா, புகன்வில்லா என்று இருவிதமாக எழுதுவதைப் பெருங்குற்றமாக்க வேண்டாம்.

காகிதம் தமிழா என்ற கேள்வி உடனே வரும். பாரசீகத்து 'காகஸ்' உருது வழியாகப் பரவிய சொல் அது. கடிதத்துக்கு நாம் சொல்லும் கடுதாசி, ஈழத்தில் வழங்கும் கடதாசி இரண்டும் போர்த்துக்கீசிய 'கர்த்தாஸ்' தந்தவை. நெற்பயிரின் தண்டைக் குறித்துப் பின்பு எழுதும் பொருளுக்கும் ஆகிவந்த 'தாள்' நம்முடையது. அப்படியானால் 'தாட்பூ' என்று மாற்றலாமா? இலக்கணப்படி குறையில்லை. ஆனால் பூ வளர்ப்பவர் எவரும் அப்படிச் சொல்வதில்லை. நூற்றாண்டுகளாக நம் வாயில் புழங்கும் காகிதத்தை இந்த ஒரு பூவுக்காக வெளியேற்ற வேண்டாம். ஒரே ஒரு குழப்பம் உண்டு: தாளை வெட்டிச் செய்யும் அலங்காரப் பூவுக்கும் இதே பெயர். 'காகிதப்பூ மணக்காது' என்று பேச்சில் சொல்வது அந்தச் செயற்கைப் பூவைத்தான். எழுதும்போது 'காகிதப்பூச் செடி', 'காகிதப்பூக் கொடி' என்றால் தெளிவாகிவிடும்.

இதன் உறவினர்கள் நமக்கு நன்கு தெரிந்தவர்கள். மாலையில் மலரும் அந்திமந்தாரையும், கீரையாகச் சமைக்கிற மூக்கிரட்டையும் இதே குடும்பம். வண்ணம் தரும் நிறமி பீட்ரூட்டுக்குச் சிவப்பு தருகிற வகையைச் சேர்ந்தது.

வீட்டில் வளர்ப்போர் பெரும்பாலும் கேட்பது, 'தழைக்கிறது, பூக்கவில்லை' என்பதைத்தான். காரணம் அநேகமாக நிழல், அதிகத் தண்ணீர், அதிகத் தழைச்சத்து ஆகிய மூன்றில் ஒன்று. நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இதற்குத் தேவை. மேல்மண் நன்றாக உலர்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். நம் ஊரில் மழைக்காலம் முடிந்து மண் காயத் தொடங்கும் தை, மாசியில் இது பூத்துக் குலுங்குவது அதனால்தான். தொட்டியின் அடித்துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். செம்மண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்தால் போதும். தொட்டி சற்றே சிறியதாக இருப்பது நல்லது. வேர் நெருங்கினால் பூ கூடும். மாற்றுத் தொட்டிக்குப் பெயர்க்கும்போது வேர்க்கட்டியை உடைக்காதீர்கள், இதன் வேர் மெல்லியது.

புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால், ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும். கையுறை அணியுங்கள், முள் ஆழமாகக் கிழிக்கும். வெட்டிய கிளைகளில் பென்சில் கனத்தில், அரையடி நீளமுள்ள போத்துகளாகத் தேர்ந்து, அடிக்கணு மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் நட்டுவையுங்கள். சில வாரங்களில் தளிர் வரும். வேர் நன்றாகப் பிடித்த பிறகே வெயிலுக்கு நகர்த்துங்கள்.